நாலில் ஒன்று

மூளை என்றதும் எல்லாரும் புத்தி, ஞாபகம், கனவு என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். தண்ணீரை நீக்கிவிட்டால் மூளையில் மிஞ்சுவதில் பெரும்பகுதி கொழுப்புதான். அந்தக் கொழுப்பைப் பார்த்தே என் காலம் போனது. மூளைச் செல்லின் மேல்தோலில் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது, பழசானதும் அதை எது உடைத்து அப்புறப்படுத்துகிறது, அப்படி உடைப்பது இல்லாமல் போனால் அந்தச் செல் என்ன ஆகிறது. கல்யாண வீட்டில் யாராவது என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். "கொழுப்பா?" என்று சிரிப்பார்கள். எங்கம்மாவும் சிரித்தவள்தான். "உனக்குக் கீறது பத்தலன்னு ஆட்டுக் கொழுப்பு வேற பாக்கப் போறியா?" என்றாள்.

ஆடுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தபோது எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஆட்டு மூளை. காலையில் கறிக்கடை வாசலில் தூக்குவாளியும் ஐஸுமாக நிற்பேன். "மொளகு தூக்கலா போட்டு வறுங்கம்மா, சளிக்கு நல்லது" என்று கடைக்காரர் தினமும் சொல்வார். நான் அதைக் கொண்டுபோய் குளோரோஃபாரத்தில் அரைப்பேன். அரைத்ததை வடிகட்டி, பொடி பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் ஒரு சொட்டு வைத்து, திரவத்தில் நிறுத்தினால், ஒவ்வொரு வகைக் கொழுப்பும் ஒவ்வொரு உயரத்துக்கு ஏறி நிற்கும். மேலே மருந்து தெளித்துச் சூடுகாட்டினால் ஊதா ஊதாவாகக் கோடுகள் தெரியும். முதல் தடவை அந்தக் கோடுகளைப் பார்த்த அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். தலைமுடியில் குளோரோஃபார நாற்றம் போகவே போகாது. ஊருக்குப் போனால் என் தங்கச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஆஸ்பத்திரியே எழுந்து வந்த மாதிரி கீது" என்பாள்.

ஊர் கோட்டைக்குப்பம். நைனாவுக்கு ஏரியில் பாடு இருந்தது. பாடு என்றால் இறாலுக்கு வலை கட்டும் உரிமை. யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடிக் குடத்தில் சீட்டுப் போட்டு எடுக்கும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடங்கள்; உள்ளே தள்ளிப் போனால் சேறும் பாசியும்தான். ஆனால் சீட்டில் வந்த இடம் நிரந்தரம் இல்லை. இன்றைக்கு மோசமான இடத்தில் நின்றவன் நாளைக்கு நகர்ந்து நல்ல இடத்துக்கு வருவான், நல்ல இடத்தில் நின்றவன் விட்டுக்கொடுத்துத் தள்ளிப் போவான். முறை சுற்றிக்கொண்டே இருக்கும். மோசமான இடம் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து வந்தது என்று பேச்சே கிடையாது. வந்தால் அன்றைக்குக் கரையில் வெட்டுக்குத்து நடக்கும்.

இந்தப் பாடு கல்யாணமான ஆணுக்கு மட்டும்தான். அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் மாமா, மீசை முளைத்தும் அடுத்தவன் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு நான்தான் என்று தொட்டிலில் கிடக்கும்போதே பேசிவைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது சாதாரணம். வெளியே கொடுத்தால்தான் ஏன் என்று கேட்பார்கள். நானோ பொன்னேரியில் பள்ளிக்கூடம் முடித்து, சென்னையில் காலேஜ் முடித்து, இன்னும் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நைனா தலையைச் சொறிந்தார். மாமாதான், "அது படிக்கட்டும் மச்சான். இட்டாந்து இறால் உரிக்க வெச்சா இன்னா ஆவப் போவுது?" என்றார். சின்னவளைக் கொடுத்தார்கள். அவளும் மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவள்; வாயெல்லாம் பல்லாகத்தான் மணையில் உட்கார்ந்தாள். மாமாவுக்குப் பாடு கிடைத்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அடுத்த வருடமே பையன் பிறந்தான். கறுப்பாக, மொழுமொழுவென்று, கன்னம் பிதுங்க. அப்புறம் எங்கள் வீட்டில் இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். என் தங்கச்சிக்கு ஒரு பிள்ளை நிலைக்க வேண்டும். எழுபதுகள் முழுக்க அதுதான்.

பையனுக்கு ஆறு மாதம் இருக்கும்போது நான் பொங்கலுக்குப் போனேன். மாமா என்னைப் பார்த்ததுமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "இன்னா காது பாரு இவனுக்கு! தட்டு விழுந்தாப் போதும், தூக்கிவாரிப் போடுது. எங்க தாத்தாவுக்கு இப்புடித்தான். துடுப்பத் தண்ணில உட்டு, காத வெச்சி, கத்தாழ மீனு எங்க கத்துதுன்னு சொல்லிடுவாரு. அந்தக் காது அப்புடியே வந்துட்ச்சி" என்றார். சொல்லிவிட்டுப் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினார். பிள்ளை இரண்டு கையையும் விரித்துத் துள்ளியது. இன்னும் இரண்டு தடவை சொடுக்கினார். மறுபடி அதே துள்ளல். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் குழந்தையும் முதல் தடவை அதிரும், மூன்றாம் தடவை பழகிவிடும். இவன் பழகவில்லை. போன தடவை நான் வந்தபோது தலையை நிமிர்த்திப் பார்த்தவன், இப்போது மாமாவின் தோளில் தலையைச் சாய்த்தபடியே கிடந்தான். நான் ஆட்டுத் தகடுகளில் தேடிக்கொண்டிருந்த அதே கொழுப்பு, மனிதக் குழந்தைக்கு மூளையில் குவிந்தால் என்ன ஆகும் என்று நூலகத்தில் படித்திருந்தேன். முதல் அடையாளம் இதுதான் என்று அதில் இருந்தது. சத்தத்துக்கு அதிர்வது. அதைப் படித்தபோது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டியிருந்தேன். "போதும் மாமா, சொடுக்காதீங்க" என்று கத்திவிட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சென்னைக்கு அழைத்துப்போனேன். கண் டாக்டர் பிள்ளையின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். விழித்திரையின் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. அதுவும் நான் நூலகத்தில் படித்த அடையாளம்தான். ரத்தத்தை நானே சோதித்தேன். அந்தக் கொழுப்பை உடைக்கும் நொதி ரத்தத்தில் இருந்தால், ஒரு மருந்தைச் சேர்த்துக் கருநீல விளக்கில் காட்டும்போது குழாய் நீலமாக ஒளிரும். என் ரத்தத்தை வைத்தேன், கொஞ்சம் மங்கலாக ஒளிர்ந்தது. கூட வேலை செய்த தோழியின் ரத்தம் பளிச்சென்று ஒளிர்ந்தது. பிள்ளையின் குழாய் இருட்டாகவே இருந்தது.

மாமாவுக்கும் தங்கச்சிக்கும் எப்படிச் சொல்வது? வார்த்தை தேடித்தேடிச் சொன்னேன். மூளையில் தினமும் சேருகிற கசடைக் கரைத்து வெளியேற்ற ஒன்று வேண்டும், அது இவன் உடம்பில் இல்லை, கசடு சேர்ந்து சேர்ந்து வழி அடைத்துக்கொள்கிறது, போகப்போகப் பார்வை போகும், விழுங்க முடியாது என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லாததும் அவர்களுக்குப் புரிந்தது.

"முகத்துவாரம் மண்ணு மூடிக்கினா, ஊரே மம்முட்டி எடுத்துக்கினு போயி வெட்டி உடறோம்" என்றார் மாமா. "படிக்காதவங்க நாங்க. நீங்க அத்தினி பேரு படிச்சவங்க சேந்து, ஒரு கொழந்த தலைல அடச்சிக்கினத வெட்டி உட முடியாதா?"

முடியாது. இன்றைக்கும் சரியாக முடியாது. ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்விக்கு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவர் மேல் இல்லை. நான் என்னதான் கிழித்துக்கொண்டிருக்கிறேன் என்று என் மேலேயே. வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

பிறகு வீட்டில் எல்லாருடைய ரத்தத்தையும் எடுத்தேன். மீனுக்கு வரும் ஐஸிலேயே குழாய்களைப் புதைத்து, பஸ்ஸிலும் ரயிலிலும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ரயில் பெட்டி முழுக்க என்னை மீன்காரி என்றே நினைத்தது. அம்மா, மாமா, தங்கச்சி, நான். நாலு குழாயும் பாதிதான் ஒளிர்ந்தன. பாதி இருப்பவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. நூறு வயது இருக்கலாம். பாதியும் பாதியும் கல்யாணம் செய்துகொண்டால்தான் வினை. அப்படியானால் மாமாவை நான் கட்டியிருந்தாலும் இதேதான். படிக்கப் போனதால் தப்பித்தேன் என்றால், ஆமாம், தப்பித்தேன். அந்த இடத்தில் என் தங்கச்சி உட்கார்ந்தாள். இதை அவளிடமே சொன்னேன். "உடுக்கா, நீ இன்னா தெரிஞ்சா போனே?" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள்.

அடுத்த பிள்ளை எப்படி இருக்கும் என்று மாமா கேட்டார். அதுதான் எல்லாருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அவருக்குப் புரிய வேண்டுமே என்று சீட்டைச் சொல்லி விளக்கினேன். "ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு சீட்டு மாமா. அதுல ஒண்ணு மோசம். மூணுல பிள்ளை பொழைச்சிக்கும்."

மாமாவின் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. "அப்போ மோசமான சீட்டு நமக்கு வந்து பூட்ச்சி. இனிமே மூணு நல்ல சீட்டுதான்" என்றார்.

"இல்ல மாமா. ஒவ்வொரு தடவையும் நாலு சீட்டும் இருக்கும். எடுத்த சீட்டைத் திரும்பக் குடத்துலயே போட்டுடுவாங்க."

"யாரு போடுவா?"

"யாரும் இல்ல. அது அப்படித்தான்."

"ஒரு வாட்டி மோசமான எடத்துல நின்னவனுக்கு மறுபடி அதையே குடுப்பாங்களா? எந்த ஊரு ஞாயம் இது? நம்ம ஏரில அப்புடி நடந்துகீதா, நீயே சொல்லு."

"நடக்கல மாமா. ஆனா இது ஏரி இல்லியே."

அவர் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் இல்லை. அம்மாவும் அவர் பக்கம். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்கள் வரைக்கும் விஷயம் போய், எல்லாரும் கணக்குச் சரிதான் என்று சொல்லிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து முறை தவறாமல் வாழ்ந்த ஜனம். முறையில்லாத ஒன்று இருக்கும் என்று எப்படி நம்பும்? நான் கத்தினேன், கோலிக்குண்டு வைத்துக் காட்டினேன், சுவரில் கரியால் எழுதிக் காட்டினேன். "படிச்சவ வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அம்மா என்னைத்தான் திட்டினாள். தங்கச்சி அந்தக் கரிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்திருக்கும் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவளுக்கும் பிள்ளை வேண்டுமே.

பையன் மூன்று வயது முடியும் முன்பே போய்விட்டான். கடைசி ஒரு வருடம் பார்வை இல்லை. கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து நாக்கில் பிழிவாள். சத்தத்துக்கு மட்டும் கடைசிவரை அதிர்ந்தான். அதனால் அந்த வீட்டில் யாரும் பாத்திரத்தைக்கூடச் சத்தமாக வைப்பதில்லை, பட்டாசு வெடிக்க வேண்டாம் என்று மாமா தெருவையே கேட்டுக்கொண்டார். சவுக்குத் தோப்பு ஓரம் மணலில் புதைத்தார்கள். எங்கள் பேராசிரியர் துக்கம் கேட்டார். ஆராய்ச்சிக்கு அந்த மூளையைக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, எனக்கே தோன்றியதே. புதைக்கும் முன்பு அவன் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தபோது, இதற்குள் எந்தக் கோடு எவ்வளவு தடித்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் அழுதேன். இரண்டும் ஒரே ஆள்தான், என்ன செய்வது?

அதன் பிறகு நான் ஆட்டை விட்டுவிட்டு இந்த ஒரே நோயில் இறங்கினேன். பிற்பாடு, எண்பதுகளில், எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தன. பெரும்பாலும் சொந்தத்தில் கட்டியவர்கள். மடியில் தலை நிற்காத பிள்ளை, கையில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. கருவிலிருக்கும்போதே பார்த்துச் சொல்லவும் ஒருவழியாகக் கற்றுக்கொண்டோம். யாருக்கும் நான் சீட்டை உதாரணம் சொல்வதில்லை. ஆனால் தங்கச்சி மறுபடி முழுகாமல் இருந்தபோது எங்களுக்கு அந்த வித்தை கைவரவில்லை. பிறந்த பிறகு தொப்புள்கொடி ரத்தத்தில் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. மாமா எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்துக்கொண்டு நின்றார். கொடியிலிருந்து நர்ஸம்மா பிடித்துக் கொடுத்த ரத்தத்தோடு நான் ரயில் ஏறினேன். மீஞ்சூர் தாண்டும்போது சாமி கும்பிட்டேன். எனக்குச் சாமி பழக்கமே கிடையாது. யாரை நினைத்துக் கும்பிட்டேன் என்றும் தெரியவில்லை.

விளக்கை அணைத்து, கருநீல விளக்கைப் போட்டேன். என் குழாய் மங்கலாக ஒளிர்ந்தது. தோழியுடையது பளிச்சென்று ஒளிர்ந்தது. மூன்றாவது குழாய் இருட்டு. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று புது மருந்து கரைத்தேன். நான் அளவைத் தப்பவிட்டிருப்பேன் என்று தோழியைச் செய்யச் சொன்னேன். அவள் செய்துவிட்டு விளக்கை அணைக்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அடிப்பாவி, நீயாவது இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் மேல் விழுந்து அழுதேன்.

ஊருக்குப் போனபோது தங்கச்சி பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். மாமா கரையில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. "மாமா, இவளுக்கும் அதேதான்" என்றேன். வேறு எப்படிச் சொன்னாலும் அதேதானே?

அவர் கோபப்படவில்லை. ஊர்க்கூட்டத்தில் தவறு நடந்தால் எழுந்து கேட்பது போல, நிதானமாகக் கேட்டார். "போன வாட்டியும் நாங்கதானே எடுத்தோம்?"

"ஆமா மாமா."

"அப்போ எப்புடி மறுபடியும் எங்களுக்கே?" என்றார். அப்புறம் வலையை மணலிலேயே போட்டுவிட்டுப் படகுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

உள்ளே தங்கச்சி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லாதக்கா" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளை சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. நல்ல பிள்ளை. முடி நிறைய. அதன் உள்ளங்காலைத் தங்கச்சி பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இவ இன்னும் சிரிக்கவே இல்லக்கா. தூக்கத்துல சும்மா வாயக் கோணுவாளே, அது இல்ல. என்னப் பாத்து, அம்மான்னு தெரிஞ்சி, சிரிக்கணும். அவன் சிரிச்சான். இவளும் சிரிச்சிடட்டும். அதுக்கப்புறம் நீ சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

சரி என்று தலையாட்டினேன். மாமாவிடமும் போய், அவளே கேட்கும்வரை சொல்ல வேண்டாம் என்றேன். அவரும் வாயைத் திறக்கவில்லை. தினமும் வீட்டுக்கு வந்தார், பிள்ளையைக் கொஞ்சினார், அம்மாவிடம் சண்டை போட்டார், ஏரிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் வந்தேன். அம்மா ஒன்றும் தெரியாமல் பேத்திக்குக் கொலுசு வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கச்சி எந்நேரமும் பிள்ளையின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, "இங்க பாரு, என் கண்ணு, இங்க பாரு" என்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு வரவே கூடாது என்று இருந்தது. வந்தால் நான் பேச வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். "அக்கா, அக்கா, இங்க வா" என்று அவள் கூப்பிட்டாள். ஓடினேன். பிள்ளை அவள் முழங்காலில் கிடந்து, அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் "என் தங்கம்" என்றாள். பல்லில்லாத வாய் முழுக்கத் திறந்து சிரித்தது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி சிரித்தது. மாமாவைக் கூப்பிட்டாள். அவரும் வந்து குனிந்து பார்த்தார், அவரைப் பார்த்தும் சிரித்தது. தங்கச்சி வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாண மணையில் சிரித்தாளே, அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நேராக உட்கார்ந்தாள்.

"இப்போ சொல்லுக்கா" என்றாள்.